சிறுதேரும் ஸ்கூட்டரும்: குழந்தையின் உடல் வளர்ச்சி பற்றிச் சில எண்ணங்கள்

தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு 'ஸ்கூட்டர்' என்ற சொல் மூன்று பொருள் தரும். நம்மில் மூத்தவர்கள் வந்திறங்கிய காலத்தில் ரயில் நிலைய வாசலில் நின்று 'ஸ்கூட்டர்' என்று கூப்பிட்டால் வந்து நின்றது ஆட்டோ ரிக்‌ஷா. பிறகு நாமே பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கியது பஜாஜ் ஸ்கூட்டர். மனைவி பின்னால், பிள்ளை முன்னால் நின்றபடி அதில் போகாத கோயில் இல்லை. மூன்றாவது, இன்று நம் பேரப்பிள்ளைகள் கேட்டு அடம் பிடிக்கும் ஸ்கூட்டர். இதற்கு எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது, உட்காரக்கூட இடம் கிடையாது. ஒரு காலைப் பலகையின்மேல் வைத்து, மறுகாலால் தரையை உந்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே ஓட்டுவது. இக்கட்டுரை இந்த மூன்றாவது ஸ்கூட்டரைப் பற்றியது.

ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இந்த வண்டியை வாங்க வருகிற தாத்தா பாட்டிகளை நிறையப் பார்க்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போக, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். தமிழ்க் குரல் கேட்டதும் உரிமையோடு ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதனால குழந்தைக்கு என்னங்க பிரயோஜனம்? கீழே விழுந்து கையை ஒடிச்சுக்கும், வேற என்ன? பேசாம ஒரு இடத்துல உட்கார்ந்து விளையாடுற சாமானா குடுங்களேன்." கேள்வி நியாயமானது. வியாபாரி சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

குழந்தையும் சக்கரமும் சேர்ந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் உருட்டித் திரியும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. உலர்த்திய தானியத்தைத் தின்ன வந்த கோழியின்மேல் பெண்கள் எறிந்த காதணி அந்தத் தேரின் வழியை மறித்துக் கிடந்ததாம். ஊரின் செல்வச் செழிப்பைக் காட்டும் இடமென்று உரையாசிரியர்கள் காதணியைப் பேசுவார்கள். எனக்கோ, தொழில் புத்தி, அந்த மூன்று சக்கரத்தின் மேலேயே கண் போகிறது. அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு தேரைக் காட்டுகிறார். அது ஏறிச் செல்லும் தேர் அன்று, உருட்டி விளையாடும் தேர். அதை உருட்டிக் களைத்துப் போன பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். குழந்தை களைத்துப் போகும்படி விளையாட வேண்டும் என்பது புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளைத்தமிழின் பருவங்களையும் இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். செங்கீரை என்பது ஐந்தாம் மாத அளவில் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி கைகொட்டுவது. வருகை தளர்நடை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசியாக வருவது சிறுதேர். கழுத்து, கை, இடுப்பு, கால் என்று உடம்பு ஒவ்வொன்றாக வசப்பட்டு வரும் ஒழுங்கை அப்படியே வைத்திருக்கிறார்கள். குமரகுருபரரின் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் சிறுதேரில் முடிகிறது. அவரே பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் ஊசலில் முடிகிறது. பையனுக்குத் தேர், பெண்ணுக்கு ஊஞ்சல் என்பது அக்கால வழக்கம். இன்றைக்கு என் கடையில் பேத்திக்காக ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் குறைவில்லை, அது நல்லதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த விளையாட்டு வண்டியைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: குழந்தையின் எடையை யார் சுமக்கிறார்கள்?

நம் ஊர்களில் தச்சர் செய்து கொடுத்த மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் தானே நிற்கிறது. வண்டி கைக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். முன்னால் உருண்டு ஓடும் வண்டியை எட்டிப் பிடிக்க அது அடியெடுத்து வைக்கிறது. கடைகளில் விற்கும் வட்ட வடிவ வாக்கரில் நடப்பது வேறு. அங்கே துணி இருக்கைதான் எடையைச் சுமக்கிறது. குழந்தை கால் விரல் நுனியால் தரையைத் தள்ளுகிறது. இடுப்புக்கும் தொடைக்கும் அங்கே வேலையே இல்லை. மாடிப்படியில் உருண்டு விழும் ஆபத்து வேறு. கனடா நாடு 2004-இலேயே இந்த வாக்கரின் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் சீமந்தச் சீரோடு சீராக அது இன்னும் வந்து இறங்குகிறது.

ஸ்கூட்டரில் எடையை யார் சுமக்கிறார்கள்? குழந்தை. அதுவும் ஒரே காலில்.

பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வேலை செய்வது தரையை உந்துகிற கால் என்றுதான் தோன்றும். உண்மையில் கடினமான வேலை பலகைமேல் நிற்கிற காலுக்குத்தான். ஒரே ஒரு உந்தலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உந்தும் கால் தரைக்கு எட்ட வேண்டுமென்றால் நிற்கும் கால் முழங்காலில் சற்று மடங்க வேண்டும். உடம்பின் முழு எடையையும் மடங்கிய அந்தக் கால் தாங்குகிறது. தொடையின் முன்தசை இறுகுகிறது. மறுகால் தரையை விட்டு எழுந்தவுடன் இடுப்பு அந்தப் பக்கம் சரியப் பார்க்கும். சரியாமல் பிடித்து நிறுத்துவது நிற்கும் காலின் இடுப்புப் பக்கவாட்டுத் தசை. கணுக்கால் இப்படியும் அப்படியும் நுணுக்கமாக ஆடி ஆடித் திருத்திக்கொண்டே இருக்கிறது; பாதத்தின் சிறு தசைகள் பலகையைக் கவ்விப் பிடிக்கின்றன. வயிறும் முதுகும் நடுவில் தூண்போல நிற்கின்றன. இவ்வளவும் நடக்கும்போதே தரையில் இருக்கும் கால் பின்பக்கமாக இழுத்து உந்துகிறது. அதில் பிட்டத் தசை, பின்தொடை, கெண்டைக்கால் மூன்றும் வேலை செய்கின்றன. ஒரு பூங்காவை ஒருமுறை சுற்றி வருவதற்குள் இது எத்தனை தடவை நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இதைத் தனியாகத் தேகப்பயிற்சி என்று சொல்லி எந்தக் குழந்தையையும் செய்ய வைக்க முடியாது என்பது புரியும்.

எலும்புக்கும் இதில் பங்கு உண்டு. பாரம் தாங்கும் எலும்புதான் வலுப்பெறும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாலும் பாதாமும் கொடுத்தால் மட்டும் அது வந்துவிடாது.

அடுத்தது சமநிலை. நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது: கண், உள்காது, தசைகளும் மூட்டுகளும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் மூன்று திசைகளில் அமைந்திருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றினுள் இருக்கும் திரவம் அசைந்து, மயிரிழை போன்ற நுண்ணிழைகளை வளைக்கிறது. அவற்றை ஒட்டி இரண்டு சிறு பைகள். அவற்றில் சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கும். முன்னோக்கிப் போகிறோமா, நிற்கிறோமா, கீழ்த்திசை எது என்பதை அவை சொல்லும். வியப்பு என்னவென்றால், இந்த உள்காது பிறக்கும்போதே பெரியவர்களுக்கு இருக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. கருவி தயார், அது தரும் செய்தியைக் கண்ணோடும் காலோடும் சேர்த்துப் படிக்க மூளைக்குத்தான் பழக்கம் வேண்டும். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் கண்ணையே நம்பி நிற்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையை ஒற்றைக் காலில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்லுங்கள், உடனே தள்ளாடும். மூன்றையும் ஒன்றாக்கிப் பயன்படுத்தும் திறன் ஏழு வயதிலிருந்து பத்து வயதுக்குள் படிப்படியாகத்தான் கைவருகிறது.

ஸ்கூட்டர் இந்தப் பழக்கத்தைக் கொடுக்கிறது. உந்தினால் வேகம் கூடுகிறது, விட்டால் குறைகிறது, வளைவில் உடம்பைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. கண்ணும் சும்மா இல்லை, முன்னால் வரும் கல்லையும் நாயையும் பார்த்தாக வேண்டும். உள்காதும் காலும் தாமாகவே வேலையை எடுத்துக்கொள்கின்றன.

மூன்று வயதுக் குழந்தை ஒற்றைக் காலில் இரண்டு மூன்று விநாடி நின்றால் சரி. நான்கு வயதில் ஐந்து விநாடி, ஐந்து வயதில் பத்து விநாடி வரை நிற்கும். அதே ஐந்து வயதில் நொண்டியடிக்கவும் வரும். நமக்கெல்லாம் இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாண்டி ஆட்டமும் நொண்டி விளையாட்டும்தான். மண் தரையில் கட்டம் கிழித்து, சில்லு எறிந்து, ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போன ஆட்டம் அந்த இடுப்புத் தசைக்கும் கணுக்காலுக்கும் செய்ததைத்தான் இன்று ஸ்கூட்டர் செய்கிறது. தில்லிப் பிள்ளைகளும் முன்பு 'ஸ்டாப்பு' என்று இதையே ஆடினார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் சங்கச் செயலாளர் வந்து சத்தம் போடுகிறார். மண்ணும் இல்லை, சில்லும் இல்லை, கூட ஆடப் பத்துப் பிள்ளைகளும் இல்லை. தனியாக வளரும் குழந்தைக்கு ஒற்றைக் காலில் நிற்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணமாக இந்த வண்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் வாதம். பாண்டி ஆட இடமும் ஆளும் இருக்கிறவர்கள் இந்தச் செலவைச் செய்யவே வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. நம் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியில் இருப்பதற்கே ஒரு தனிப் பலனும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விடப்பட்டவர்களில் 30.4 சதவீதம். இது ஸ்கூட்டரின் புண்ணியம் அல்ல, வெளிச்சத்தின் புண்ணியம். ஆனால் நாலு வயதுப் பிள்ளையை வெளியே இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி இருந்தால் சுலபம்.

விளம்பரங்களில் 'மூளை வளரும், படிப்பு வரும்' என்றெல்லாம் போடுகிறார்கள். அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள். கால் வலுப்படும், நிற்கவும் சாயவும் தெரியும், பயம் தெளியும். இது போதாதா?

வாங்கும் முறைக்கு வருகிறேன். இரண்டரை மூன்று வயதுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று உள்ள மூன்று சக்கர வகை. இதிலும் இரண்டு தினுசு. ஒன்றில் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி திரும்பும். மற்றதில் கைப்பிடி திரும்பாது. குழந்தை உடம்பைச் சாய்த்தால்தான் வண்டி வளையும். உடல் வளர்ச்சிக்காக வாங்குகிறோம் என்றால் சாய்ந்து திருப்பும் தினுசே மேல். இரண்டு சக்கர ஸ்கூட்டர் ஐந்து வயதுக்கு மேல் போதும். அடுத்து, பலகையின் உயரம். யாரும் கவனிக்காத விஷயம் இது. பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு நிற்கும் கால் ஒவ்வொரு உந்தலிலும் மடங்கி நிமிர வேண்டும். உயரமான பலகையில் குழந்தை ஐந்து நிமிடத்தில் சலித்துப் போகும். தாழ்ந்த பலகையாகப் பாருங்கள். கைப்பிடி குழந்தையின் இடுப்புக்கும் மார்புக்கும் இடையில் இருக்க வேண்டும். 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று தீபாவளிச் சட்டை மாதிரி பெரிதாக எடுக்கக் கூடாது.

சக்கரம் கெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் சிமெண்ட் தரையில் வழுக்கும், சத்தமும் போடும். பாலியூரிதேன் சக்கரம் தரையைப் பிடிக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 608 எண் பேரிங். வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் கரகர சத்தமில்லாமல் நிதானமாகச் சுற்றி நிற்க வேண்டும். நம் குடியிருப்புகளில் பதிக்கிற இன்டர்லாக் கற்களின் இடைவெளியில் சின்னச் சக்கரம் சிக்கும். கொஞ்சம் பெரிய சக்கரமே நல்லது. விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, பார்த்து வாங்குங்கள். பேட்டரி வைத்த ஸ்கூட்டரைச் சிலர் பெருமையாகக் கேட்கிறார்கள். அதில் குழந்தை இரண்டு காலையும் வைத்துக்கொண்டு பொம்மை போல நிற்கும். லாபம் அதில்தான் அதிகம். இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு என்றால் வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

பழக்குவது ஒன்றும் பிரமாதமில்லை. முதல் இரண்டு நாள் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். பிறகு ஒரு காலைப் பலகையில் வைத்து, மறுகாலால் நொண்டுவது போல நடக்கட்டும். உந்திவிட்டுக் காலைத் தூக்கும் நாள் தானாக வரும். அன்றிலிருந்து பாட்டி பக்கத்தில் நின்று 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணலாம். கால் தரையில் படாமல் எத்தனை எண்ணிக்கை வரை போகிறது என்பதே விளையாட்டாகிவிடும். தமிழில் எண்ணவும் வந்துவிடும், அது கூடுதல் வரவு. பிடித்துக்கொள்வதானால் குழந்தையின் இடுப்பைப் பிடியுங்கள், கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் சமநிலை உங்களுடையது, குழந்தையுடையது அல்ல.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று. எந்தக் குழந்தையும் தனக்கு வசதியான ஒரே காலால்தான் உந்தும். அப்படியே விட்டால் நிற்கிற கால் ஒன்றே எப்போதும் அந்தப் பயிற்சியைப் பெறும். போகும்போது வலக்கால், திரும்பி வரும்போது இடக்கால் என்று விதி வைத்துவிடுங்கள். முதலில் அழும், தடுமாறும். ஒரு வாரம் விடாமல் செய்தால் பழகிவிடும்.

விழுமா? விழும். விழும்போது கையை நீட்டும் என்பதால் மணிக்கட்டுக்குத்தான் அடி அதிகம். பயப்பட வேண்டியது தலைக்கு. ஹெல்மெட் இல்லாமல் ஏற்ற வேண்டாம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு உட்கார வேண்டும், தாடைப் பட்டையில் ஒரு விரல் நுழைய வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டால் பயனில்லை. செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். கார் வந்து திரும்பும் கேட்டுப் பக்கமும், சரிவான பார்க்கிங் பாதையும் ஆகாது. எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், கையில் கைப்பேசி இல்லாமல். மூன்று வயதாகியும் அடிக்கடி காரணமில்லாமல் விழுகிற பிள்ளை, ஒரு காலை இழுத்து நடக்கிற பிள்ளை என்றால் ஸ்கூட்டர் மருந்தல்ல, மருத்துவரிடம் காட்டுங்கள்.

தில்லிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டி 'மிக மோசம்', 400-ஐத் தாண்டி 'கடுமை' என்று போகும் நாட்களில் மூச்சு வாங்க விளையாடுவது குழந்தையின் நுரையீரலுக்குக் கெடுதல். அந்த நாட்களில் வண்டியை மூலையில் சாத்திவிட்டு, ஹாலில் நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் பாண்டி ஆட வையுங்கள். தரை அதிர்வதாகக் கீழ் வீட்டுக்காரர் புகார் சொன்னால், ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடிக்கும் விளையாட்டு சத்தமில்லாதது. கீழ்த்தள பார்க்கிங்கில் ஓட்ட விடுவது சரியல்ல, அங்கே கார்ப் புகை தங்கி நிற்கும்.

ஸ்கூட்டர் நன்றாகப் பழகிய பிள்ளைக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பது பாதி முடிந்த வேலை. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இரு சக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது, தரையைக் காலால் உந்தித்தான் ஓட்டினார். பெடல் வந்தது 1860-களில். சரித்திரம் போன அந்த வழியே குழந்தைக்கும் சுலபமான வழி. பக்கத்தில் மாட்டும் சிறு சக்கரங்கள் வண்டி சாயாமல் காத்துக் குழந்தைக்குச் சாயத் தெரியாமல் செய்துவிடுகின்றன. அவற்றை வாங்காமல், சின்ன சைக்கிளின் சீட்டை இரு பாதமும் தரையில் படும்படி இறக்கி, இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் உந்தி ஓட்டச் சொல்லுங்கள். பிறகு பெடலை மாட்டினால் ஓட்டிக்கொண்டு போய்விடும். கழற்றும்போது மட்டும் கவனம். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழன்று வரும். தெரியாமல் எதிர்ப்பக்கம் அழுத்தித் திருகி, மரையைக் கெடுத்து எடுத்துக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.